குறிவைக்கப்படும் விமானத்துக்கு எதற்கு விமானி? பிகா, ஜிண்டிவிக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏவுகணை செய்பவர்களுக்கு எப்போதும் ஒரு தலைவலி உண்டு. செய்த ஏவுகணை வேலை செய்கிறதா என்று பார்க்க வானத்தில் எதையாவது பறக்கவிட்டுச் சுட வேண்டும். அந்த 'எதையாவது' எதிரி விமானம் மாதிரியே வேகமாகவும் உயரமாகவும் பறக்க வேண்டும், உள்ளே ஆளும் இருக்கக் கூடாது. அப்படி ஒன்றை உருவாக்க ஆஸ்திரேலியர்கள் முதலில் ஆள் உட்கார்ந்து ஓட்டும் விமானம் ஒன்றைக் கட்டினார்கள். அதன் பெயர் பிகா. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிகா என்றால் என்ன?

மெல்போர்ன் நகரின் ஃபிஷர்மன்ஸ் பெண்ட் பகுதியில் இருந்த ஆஸ்திரேலிய அரசு விமானத் தொழிற்சாலை கட்டிய சிறிய ஜெட் விமானம். இரண்டே இரண்டுதான் செய்தார்கள். விமானப்படைப் பதிவில் ஏ93-1, ஏ93-2 என்று எண். முதல் பறப்பு 1950 அக்டோபர் 31 அன்று நடந்தது. ஓட்டியவர் ஜான் மைல்ஸ்.

ஆனால் பிகாவுக்காக யாரும் பிகாவைச் செய்யவில்லை. தொழிற்சாலையின் உண்மையான வேலை ஜிண்டிவிக் என்ற ஆளில்லா இலக்கு விமானம். பிரிட்டன் 1948இல் இ.7/48 என்ற எண்ணில் அதற்கான தேவைக் குறிப்பை எழுதியது. கட்டும் பொறுப்பு ஆஸ்திரேலியாவிடம் வந்தது. பிகா அந்த ஜிண்டிவிக்கின் ஒத்திகை. ஜிண்டிவிக் 1952 ஆகஸ்ட் 28 அன்று முதலில் பறந்தது. பிகா 1954 வரை பறந்துவிட்டு ஓய்வு பெற்றது.

ஆளில்லாமல் பறக்க வேண்டியதில் ஆளை ஏற்றுவது முரண் இல்லையா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

புதிதாக ஓர் ஆளில்லா விமானத்தைச் செய்து, நேராக ஓடுபாதையில் வைத்து, ரேடியோவில் கிளப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது விநாடியில் அது இடப்பக்கம் சாய்ந்து தரையில் குத்துகிறது. என்ன பழுது? இறக்கையின் வடிவம் சரியில்லையா? எஞ்சின் பாதியில் இறங்கிவிட்டதா? தானியங்கிச் சமநிலைக் கருவி தப்பாகப் புரிந்துகொண்டதா? ரேடியோ ஆணை போய்ச் சேரவில்லையா? தரையில் நின்று ஓட்டியவருக்குக் கைத் தடுமாற்றமா? ஐந்தும் புதுசு, ஐந்தும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கையில் மிஞ்சுவது ஒரு குவியல் அலுமினியம். அது எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது.

இன்றைக்குப் பறப்பின் ஒவ்வொரு நொடியும் நூற்றுக்கணக்கான அளவுகளாகத் தரைக்கு வந்துவிடுகிறது. 1950இல் அந்த வசதி மிகக் குறைவு. விமானத்தில் ஏற்றக்கூடிய மிகச் சிறந்த அளவுக் கருவி மனிதன்தான். ஸ்டிக் (கையில் பிடித்து ஓட்டும் தடி) கனமாக இருக்கிறது, இந்த வேகத்தில் வால் அதிர்கிறது, வேகம் குறையும்போது வலது இறக்கை முதலில் விழுகிறது என்று இறங்கி வந்து வாயால் சொல்வார். அதைவிட முக்கியம், தப்பு நடந்தால் அங்கேயே திருத்தி விமானத்தைத் திரும்பக் கொண்டுவருவார்.

அதனால் ஐந்து புதிர்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். முதலில் விமானி ஓட்டிப் பார்த்து உடலும் எஞ்சினும் நம்பத்தக்கவை என்று உறுதி செய்தாயிற்று. அதே விமானத்தில் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் சோதிக்கலாம், ஏனென்றால் அவை சொதப்பினால் கைப்பற்றிக்கொள்ள உள்ளே ஒருவர் இருக்கிறார். எல்லாம் சரி என்றான பிறகு அவருக்கு வேலை இல்லை. தன் நாற்காலியைத் தானே காலி செய்வதற்காகச் சம்பளம் வாங்கியவர் என்று பிகாவின் விமானியைச் சொல்லலாம்.

விமானி உள்ளே இருக்கும்போது சுடுவார்களா?

மாட்டார்கள். பிகாவை யாரும் எப்போதும் சுட்டதில்லை.

பிகாவும் ஜிண்டிவிக்கும் அச்சு அசலாக ஒன்றேதானா?

கிட்டத்தட்ட. ஆனால் ஆளை ஏற்றியதால் இரண்டு இடங்களில் கை வைக்க வேண்டியதாயிற்று.

ஜிண்டிவிக்கின் எஞ்சினுக்குக் காற்று போகும் வாய் முதுகில், மூக்குக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். சரியாக விமானி உட்கார வேண்டிய இடம்! ஆகவே பிகாவில் அந்த இடத்தை விமானியறை எடுத்துக்கொண்டது. காற்று வாயை இரண்டாகப் பிரித்து உடலின் இரு பக்கங்களுக்கும் தள்ளினார்கள். இரண்டாவது வித்தியாசம், பிகாவுக்கு மடக்கக்கூடிய சக்கரங்கள் உண்டு. ஜிண்டிவிக்குக்கு ஒரு சக்கரம்கூடக் கிடையாது.

ஆக, முதுகு வாயையும் சக்கரமில்லாத இறக்கத்தையும் பிகாவால் சோதிக்க முடியவில்லை. அந்த இரண்டையும் ஜிண்டிவிக்தான் சொந்தமாகக் கற்றுக்கொண்டது. எல்லா முன்மாதிரிகளுக்கும் இந்தக் கதிதான். எதற்காகச் செய்கிறோமோ அதிலிருந்து கொஞ்சம் விலகினால்தான் செய்யவே முடியும்.

அளவு? இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சுமார் 20 அடி. ஒரு நடுத்தர வீட்டின் ஹாலுக்குள் குறுக்காக நிறுத்திவிடலாம்.

சக்கரமே இல்லாமல் ஜிண்டிவிக் எப்படி ஏறி, எப்படி இறங்கும்?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் பிடித்த பகுதி இது.

மூன்று சக்கரத் தள்ளுவண்டி ஒன்றின் மேல் விமானத்தை உட்கார வைத்திருப்பார்கள். எஞ்சினை முழு வேகத்துக்கு ஏற்றியதும் வண்டியும் விமானமும் ஒன்றாக ஓடுபாதையில் ஓடும். வண்டி நேர்கோட்டில் ஓடுவதற்குச் சுழல்காட்டி (ஜைரோஸ்கோப்) ஒன்று அதன் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். பறக்கப் போதுமான வேகம் வந்ததும் பிடி விடும். விமானம் மேலே, வண்டி கீழே. வண்டி தானே பிரேக் போட்டு நிற்கும். ஆட்கள் போய் அதை இழுத்து வருவார்கள், அடுத்த பறப்புக்கு அதுவேதான் வேண்டும்.

இறங்குவது இன்னும் வேடிக்கை. வயிற்றிலிருந்து ஒரு நீண்ட சறுக்குக்கட்டை வெளியே வரும். இறக்கை முனைகளிலும் சிறிய சறுக்கிகள் இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் விமானத்தை ஓடுபாதையின் திசைக்குக் கொண்டுவந்து விட்டதும், வெளியே வெயிலில் நிற்கும் இருவர் பொறுப்பேற்பார்கள். ஒருவர் ஓடுபாதையின் கோட்டில் நின்று தொலைநோக்கியால் பார்த்து, விமானம் இடமா வலமா விலகுகிறது என்று திருத்துவார். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று உயரத்தை மட்டும் பார்ப்பார். ஒரே விமானத்தை இருவர் பங்குபோட்டு ஓட்டுகிறார்கள், ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்ப்பதில்லை! கடைசியில் கட்டை தரையைத் தொட்டு, புழுதி கிளப்பிக்கொண்டு சறுக்கி நிற்கும்.

சக்கரத்தை ஏன் விட்டார்கள் என்றால் எடைதான் காரணம். மடக்கும் சக்கரமும் அதன் குழாய்களும் கதவுகளும் ஒரு சிறிய விமானத்துக்குப் பெரிய சுமை. சுட்டு வீழ்த்தப்படப் போகும் ஒன்றுக்கு அந்தச் செலவும் வீண்.

பழைய போர் விமானங்களையே குறியாக வைத்துச் சுட்டிருக்கலாமே?

சுட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனிடம் வேண்டாத விமானங்கள் மலைபோல் குவிந்திருந்தன. ஃபயர்ஃப்ளை, பிறகு மீட்டியர், பிறகு கான்பெரா என்று ஒவ்வொன்றாக ரேடியோ வைத்து இலக்காக மாற்றினார்கள். மீட்டியரும் கான்பெராவும் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் உள்ள வூமெரா ஏவுகணைத் தளத்திலும் பறந்தன.

அதில் ஒரு வசதி உண்டு. அந்த விமானங்கள் எப்படிப் பறக்கும் என்று ஏற்கெனவே தெரியும். நாற்காலியும் இருக்கிறது, விமானி உட்கார்ந்து கருவிகளைச் சோதிக்கலாம். அதாவது மீட்டியருக்குத் தனியாக ஒரு பிகா தேவையில்லை, அதுவேதான் பிகா. சிக்கல், சரக்கு தீரும். தவிர, பெரிய விமானத்தைப் பராமரிக்கப் பெரிய படை வேண்டும்.

இதற்கு முன்னால் யாரும் இப்படிச் செய்து பார்த்ததில்லையா?

1930களிலேயே செய்தார்கள். பிரிட்டிஷ் கடற்படைக்குத் தன் பீரங்கிகளின் மேல் அபார நம்பிக்கை. விமானம் வந்தால் சுட்டு வீழ்த்திவிடுவோம் என்றார்கள். சரி, பார்க்கலாமே என்று ஃபேரி 3எஃப் என்ற கடல் விமானங்கள் மூன்றை ரேடியோவில் ஓடும்படி மாற்றி, ஃபேரி குவீன் என்று பெயர் வைத்தார்கள். 1932இல் முதல் இரண்டும் கப்பலிலிருந்து கிளம்பிய கையோடு கடலில் விழுந்தன. விமானிகள் கையில் ஒழுங்காகப் பறந்த ரகம்தான் அது. ஆனால் விமானி தன்னை அறியாமலே நொடிக்கு நொடி செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்களைச் செய்ய உள்ளே யாரும் இல்லையே. மூன்றாவது தேறியது. 1933 ஜனவரியில் மத்தியதரைக் கடலில் கடற்படை அதைச் சுட்டது. சுட்டது, சுட்டது, இரண்டு மணி நேரம் சுட்டது. ஒரு குண்டும் படவில்லை.

அதன் பிறகு வந்ததுதான் குவீன் பீ, அதாவது ராணித் தேனீ. 1935. டைகர் மாத் பயிற்சி விமானத்தின் உறவுக்காரர், மரத்தால் ஆன உடல். முன் இருக்கையில் விமானி உட்கார்ந்து சாதாரணமாக ஓட்டிப் போகலாம், பின்பக்கம் முழுக்க ரேடியோவும் காற்றழுத்தத்தில் இயங்கும் கருவிகளும். தரையிலிருந்து எதை வைத்து ஓட்டினார்கள் தெரியுமா? தொலைபேசி டயலை வைத்து. பழைய கறுப்பு போனில் விரலை விட்டுச் சுழற்றுவோமே, அதே வட்டு. ஓர் எண்ணைச் சுழற்றினால் இடப்பக்கம் திரும்பும், வேறோர் எண்ணுக்கு ஏறும், இன்னொன்றுக்கு இறங்கும். டயல் கிர்ரென்று திரும்பி வரும்வரை காத்திருந்துதான் அடுத்த ஆணை. அவசரக்காரர்களுக்கான வேலை அல்ல அது.

'ட்ரோன்' என்ற சொல் இங்கிருந்தா வந்தது?

ஆமாம். குவீன் பீ பறப்பதை பிரிட்டனில் பார்த்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி வில்லியம் ஸ்டான்ட்லி, நமக்கும் இது வேண்டும் என்று டெல்மர் ஃபார்னி என்ற அதிகாரியிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ராணித் தேனீக்கு மரியாதையாக ஃபார்னி வைத்த பெயர் ட்ரோன், ஆண் தேனீ. இன்று கல்யாண வீட்டில் தலைக்கு மேல் ரீங்கரித்து வீடியோ எடுப்பதற்கும் அதே பெயர்தான்.

அமெரிக்கர்களும் விமானியை ஏற்றினார்களா?

தாராளமாக. கல்வர் பிக்யூ-14 என்ற சிறிய மர விமானம் இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டது. சிவப்பு நிறம், 150 குதிரைத்திறன் எஞ்சின். வேறோர் ஊருக்குக் கொண்டுபோகவும் கருவிகளைச் சரிபார்க்கவும் அதற்குள் ஒரு விமானி உட்காரலாம். 'உட்காரலாம்' என்பது பெருந்தன்மையான சொல். இருக்கை என்று தனியாக ஒன்று இல்லாமல் தன் பாராசூட்டின் மேலேயே உட்கார்ந்து போவார்.

ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் அமெரிக்காவில்தான் பெயர் பெற்ற உதாரணம் இருக்கிறது. 1956 ஆகஸ்ட் 16. கலிபோர்னியாவின் பாயிண்ட் மகுவிலிருந்து சிவப்பு நிற ஹெல்கேட் இலக்கு விமானம் (இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் போர் விமானத்தை மாற்றியது) ஒன்றைக் கிளப்பினார்கள். ஆணைக்குக் கீழ்ப்படியாமல் அது லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் திரும்பிவிட்டது. இரண்டு எஃப்-89 ஸ்கார்ப்பியன் ஜெட் விமானங்கள் துரத்தின. ஒவ்வொன்றிலும் 104 ராக்கெட். மொத்தம் 208ஐயும் ஏவித் தீர்த்தார்கள். அந்தக் கிழட்டு விமானத்தின் மேல் ஒன்றும் படவில்லை. ராக்கெட்டுகள் கீழே விழுந்து காடும் புதரும் ஆயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தன. ஹெல்கேட் எரிபொருள் தீரும்வரை பறந்துவிட்டு பாம்டேல் அருகே பாலைவனத்தில் தானாக விழுந்தது. மனித உயிர் எதுவும் போகவில்லை என்பதால் இன்று சிரித்துக்கொண்டு படிக்கிறோம்.

பிகா, ஜிண்டிவிக், வூமெரா… இந்தப் பெயர்களெல்லாம் எந்த மொழி?

ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளிலிருந்து எடுத்தவை. பிகா என்றால் பறப்பவன் என்றும், ஜிண்டிவிக் என்றால் வேட்டையாடப்படுவது என்றும் பொருள் சொல்வார்கள். வூமெரா ஈட்டியை வேகமாக எறிய உதவும் கைக்கட்டை. ஏவுகணைத் தளத்துக்குப் பொருத்தமான பெயர்தான். 1947இல் அந்தத் தளத்தை அமைத்தபோது பழங்குடியினர் காலங்காலமாக நடமாடிய நிலத்தின் மேல்தான் ஏவுகணைப் பாதையைக் கோடு போட்டார்கள். பழங்குடிச் சொற்களை எடுத்துக்கொண்டவர்கள் அந்த நிலத்துக்கு உரியவர்களிடம் அனுமதி கேட்கவில்லை. பெயர் அழகாக இருக்கிறது என்று யாராவது சொல்லும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

போகிமான் கார்ட்டூனில் வரும் மஞ்சள் நிற பிகாச்சுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இதற்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, எஞ்சின் வழியாக.

எஞ்சின் செய்த ஆம்ஸ்ட்ராங் சிட்லி நிறுவனத்துக்குப் பாம்புகளின் மேல் தனி மோகம். பைதான், மாம்பா, ஆடர், வைப்பர் என்றுதான் பெயர் வைப்பார்கள். பிகாவிலும் முதல் ஜிண்டிவிக்குகளிலும் இருந்தது ஆடர், 1,050 பவுண்ட் உந்துவிசை. பிறகு அதைவிட வலுவான வைப்பர் வந்தது. நம் ஊர் விரியன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வைப்பரின் ஆயுள் வெறும் 10 மணி நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைத்தார்கள். எப்படியும் சுடப்படப் போகிற விமானம், அதற்கு எதற்கு வருடக்கணக்கில் உழைக்கும் எஞ்சின்? விலை மலிவு, பாகங்கள் குறைவு. ஆனால் அந்த எளிமையைப் பார்த்தவர்களுக்கு வேறு யோசனை வந்தது. கொஞ்சம் உறுதியாகச் செய்தால் ஆள் ஓட்டும் விமானத்துக்கே வைக்கலாமே? வைத்தார்கள். பிரிட்டனின் ஜெட் ப்ரோவோஸ்ட் பயிற்சி விமானத்துக்கு உயிர் கொடுத்தது வைப்பர். அந்த ஜெட் ப்ரோவோஸ்ட்டை இலங்கை விமானப்படை வாங்கியது. 1971 கிளர்ச்சியின்போது அவை அங்கே பறந்தன.

இந்தியாவில் ஹெச்ஏஎல் என்ற அரசு விமான நிறுவனம் செய்த கிரண் பயிற்சி விமானத்தின் முதல் ரகத்திலும் வைப்பர்தான். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்றுநர்களுக்கான பள்ளி கிரணைப் பல ஆண்டுகள் பறக்கவிட்டது. சேலையூர் பக்கம் மொட்டை மாடியில் நெல்லிக்காய் காயவைத்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேல் அது ஊளையிட்டுக்கொண்டு போகும். பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அந்தச் சத்தத்தின் பூர்வீகம் பத்து மணி நேரம் ஓடிச் சாக வேண்டிய ஒரு பாலைவன எஞ்சின் என்று அப்போது தெரியாது.

ஒரு தடவை சுட்டால் ஒரு ஜிண்டிவிக் போச்சா?

எப்போதும் அப்படி இல்லை. பல சோதனைகளில் ஜிண்டிவிக் பின்னால் கம்பியில் ஒரு சிறிய இலக்கை இழுத்துக்கொண்டு போகும். ஏவுகணையைக் கவர்வதற்கான வெப்பமும் ரேடார் எதிரொலியும் அந்தச் சின்ன இலக்கிலிருந்துதான் கிளம்பும். ஏவுகணை எவ்வளவு அருகில் வந்தது என்பதை இறக்கை முனையில் உள்ள கேமராக்கள் படம் பிடிக்கும். 'பட்டதா?' என்பதைவிட 'எத்தனை அடியில் தவறியது?' என்ற கேள்விக்குத்தான் பொறியாளர்களுக்குப் பதில் வேண்டும்.

அதனால் பல ஜிண்டிவிக்குகள் திரும்பத் திரும்பப் பறந்தன. மொத்தம் 502 செய்தார்கள். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா, ஸ்வீடன் என்று போயின. 1980களில் உற்பத்தியை நிறுத்தியபின், 1990களில் பிரிட்டன் மறுபடி கேட்டதால் இன்னும் சில செய்து கொடுத்தார்கள். வேல்ஸ் கடலோரத்தில் லான்பெட்ர் தளத்தில் 2004 வரை அவை பறந்தன.

இந்தியா எதைச் சுடுகிறது?

பெங்களூரில் உள்ள ஏடிஇ ஆய்வகம் உருவாக்கிய லக்ஷ்யா என்ற ஆளில்லா இலக்கு விமானம். அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவைச் சேர்ந்தது அந்த ஆய்வகம். ஹெச்ஏஎல் செய்த சிறிய ஜெட் எஞ்சின், ராக்கெட் உதவியால் கிளம்பும், பாராசூட்டில் இறங்கும். அதுவும் பின்னால் இலக்கை இழுத்துப் போகும். அதே ஆய்வகத்தின் அப்யாஸ் பிறகு வந்தது. பாராசூட் வந்ததும் ஓடுபாதை, தள்ளுவண்டி, வெயிலில் நிற்கும் இருவர் எல்லாம் தேவையற்றுப் போயின.

இன்றும் இலக்கு விமானங்களில் ஆள் ஏறுகிறாரா?

ஏறுகிறார். அமெரிக்கா ஓய்வுபெற்ற எஃப்-16 விமானங்களை க்யூஎஃப்-16 என்ற இலக்குகளாக மாற்றியிருக்கிறது. ஆள் இல்லாமல் அது முதலில் பறந்தது 2013 செப்டம்பர் 19 அன்று, ஃப்ளோரிடாவின் டின்டால் தளத்திலிருந்து. அதற்கு முந்தைய சோதனைகளில் விமானி உள்ளே உட்கார்ந்து, விமானம் தானாகப் பறப்பதைப் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் பிடிக்கத் தயாராக இருந்தார். ஜான் மைல்ஸுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றியிருக்காது.

முழுக்கப் புதிதாக வடிவமைக்கும் இலக்குக்கு மட்டும் இப்போது யாரும் பிகா மாதிரி ஆள் ஓட்டும் இரட்டையைக் கட்டுவதில்லை. கணினியில் முன்கூட்டியே ஆயிரம் முறை பறக்கவிட்டுப் பார்க்கிறார்கள். விழுந்தால், ஏன் விழுந்தது என்பதைத் தரைக்கு வந்த அளவுகளே சொல்லிவிடுகின்றன.

பிகாவை இன்று பார்க்க முடியுமா?

முடியும். இரண்டாவது விமானம், ஏ93-2, மெல்போர்ன் அருகே பாயிண்ட் குக்கில் உள்ள ஆஸ்திரேலிய விமானப்படை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அங்கே ஜிண்டிவிக்கும் உண்டு. போனால் முதலில் பிகாவின் விமானியறைக் கண்ணாடியைப் பாருங்கள், பிறகு ஜிண்டிவிக்கின் முதுகில் அதே இடத்தில் இருக்கும் காற்று வாயைப் பாருங்கள்.